ஐஸ் பெட்டியில் மிஞ்சிய வரி

முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீளம் இருக்கும் அந்த போர்டு. கறுப்புத் தகடு, அதில் வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள், பின்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு கன்ட்ரோலர். பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தின் பெயர் ஓடுமே, அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஓடியது பஸ்ஸில் அல்ல, ஐஸ் பெட்டியில். சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை இறந்தவரை வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டியின் கால்மாட்டில் மாட்டியிருந்தது. கழற்றி என்னிடம் வந்த அதை மயிலாப்பூரில் என் ஒர்க்‌ஷாப் மேஜையில் போட்டுக் கரன்ட் கொடுத்தேன். கோபாலபுரத்தில் தவறிப்போன ஒரு பெரியவரின் பெயர் ஓடியது. வயது ஓடியது. எடுக்கிற நேரம் ஓடியது. பிறகு போர்டு இருண்டது. அவ்வளவுதான் என்று நான் சுவிட்சுக்குக் கை நீட்டியபோது வலது ஓரத்திலிருந்து மறுபடி எழுத்து வரத் தொடங்கியது. ‘காய்ச்சல் வுட்டுச்சேன்னு இருந்துட்டேன் கண்ணு. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். அப்பாவ மன்னிச்சுடு.’ அந்தப் பெரியவர் வீட்டில் இப்படிப் பேசுகிறவர்கள் யாரும் இல்லை. எழுதியவர் யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெட்டிக்குச் சொந்தக்காரரான எங்கள் சூப்பர்வைசர்தான்.

தி.நகரில் டிவி ரிப்பேர் செய்யும் சர்வீஸ் சென்டர் ஒன்றில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் அங்கே சூப்பர்வைசர், நான் டெக்னீஷியன். அங்கே பெண் என்று இருந்தவள் நான் ஒருத்திதான், அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கு அது பிடிக்கும். யாராவது கஸ்டமர் என்னைப் பார்த்து “ஜென்ட்ஸ் யாரும் இல்லையா?” என்று கேட்டால், “இன்னா நைனா, டிவி ரிப்பேரா, பொண்ணு பாக்க வந்தியா?” என்று அவர்தான் முதலில் கேட்பார். சென்டரை மூடிய பிறகு நான் மயிலாப்பூரில் ஒரு சந்தில் ரூம் எடுத்து, கடைகளுக்கு எழுத்து ஓடும் போர்டுகளைச் சரிசெய்து கொடுக்கத் தொடங்கினேன். அவர் ஆதம்பாக்கத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஷெட் போட்டு ஐஸ் பெட்டிகளை வாடகைக்கு விட்டார். “ஏன் சார், உயிரோட இருக்கிறவங்க யாரும் கிடைக்கலையா உங்களுக்கு?” என்று கேட்டேன். “செத்தவன் சர்வீஸ் சரியில்லன்னு திரும்ப வரமாட்டாம்மா” என்றார். சாவு வீடுகளில்கூட அவரை சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவர் பின்னாலேயே வந்துவிட்டது.

பெட்டியில் போர்டு மாட்டுவது அவருடைய யோசனை. முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெயர் ஓடுகிற மாதிரி சாவு வீட்டிலும் ஓட வேண்டுமா என்று சண்டை போட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இப்போதெல்லாம் எல்லாம் ஃப்ளாட். கீழே பந்தல் போட்டுப் பெட்டியை வைத்துவிடுகிறார்கள். ஆபீஸ் நண்பர்கள், தூரத்துச் சொந்தம் என்று வருகிறவர்களுக்கு முகம் தெரியாது, எப்போது எடுப்பார்கள் என்பது தெரியாது, அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் போய் அதைக் கேட்கவும் வாய் வராது. வேளச்சேரியில் ஒரே வளாகத்தில் இரண்டு பிளாக்கிலும் சாவு விழுந்த அன்று, ஒருவர் மாலையைத் தப்பான பெட்டியின் மேல் போட்டு, ஒரு மூச்சு அழுதும் முடித்து, பிறகு விஷயம் தெரிந்து மாலையைத் திருப்பி எடுக்கவும் முடியாமல் நின்றாராம். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு இந்த எண்ணம் வந்தது. யாரோ ஒரு பையனைப் பிடித்துப் போர்டுகளைச் செய்ய வைத்தார். செல்போனில் டைப் அடித்தால் போர்டில் ஓடும். அந்தப் புண்ணியவான் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். அதற்குப் பிறகு அவை கெட்டால் என் தலையில்தான் விழும்.

அவர் வேலை செய்கிற விதத்தை நான் சில வீடுகளில் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். பெட்டியை இறக்கி, அது ஆடாதபடி கால்களுக்கு அடியில் அட்டை கொடுத்து, கரன்ட் ஒயரை யார் காலிலும் தடுக்காதபடி சுவர் ஓரமாக ஒட்டுவார். வீட்டு ஆட்களிடம் பெயரைக் கேட்டுப் போனில் அடிப்பார். அடித்து முடித்ததும் கிளம்பமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்மாட்டில் கைகட்டி நின்று, பெயர் முழுதாக ஒரு முறை ஓடி முடிகிறவரை படிப்பார். “ஒரு ரவுண்டு ஓடட்டும்” என்பார். தப்பு இருந்தால் திருத்தலாம் என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் அவர் நிற்கிற நிலையைப் பார்த்தால் வெறும் செக்கிங் மாதிரி இருக்காது. முன்பின் தெரியாத ஒரு மனிதனின் பெயரை அத்தனை அக்கறையாகப் படிக்கிற ஆள் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

அவருக்கு ஒரே பெண். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் போலவே நக்கல் பேசுவாள். ஷெட்டில் காலியாகக் கிடக்கிற பெட்டிகளைக் காட்டி, “வெயில் காலத்துல எனக்கு ஒண்ணு போட்டுக் குடுப்பா, ஏசி செலவு மிச்சம்” என்று அவள் சொன்னதும், அவர் எழுந்துபோய் அவள் வாயைப் பொத்தியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளுக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் சில நாள் அடித்துவிட்டு இறங்கியது. அந்தக் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆளைச் சாய்க்கும் என்று டாக்டர் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு. இறங்கிய அன்று மத்தியானம் அவர் தேனாம்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் பெட்டியை மாடி ஏற்றிக்கொண்டிருந்தார். லிஃப்டில் பெட்டி நுழையாது. படிக்கட்டில் திருப்பிக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்து, வயிறு ரொம்ப வலிக்கிறது, வீட்டுக்கு வாப்பா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றிருக்கிறாள். “காய்ச்சல்தான் வுட்டுச்சே, கொஞ்சம் தூங்கு, அப்பா ஒரு வேலையா கீறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது அவளுக்குக் கை கால் சில்லிட்டிருந்தது. மறுநாள் இறந்துபோனாள்.

அன்றைக்கு நான் ஆதம்பாக்கத்துக்குப் போனேன். வேறு கடையிலிருந்து பெட்டி வரட்டும் என்று எல்லோரும் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. தன் பெட்டிகளில் ஒன்றைத் தானே துடைத்து, தானே இறக்கி, காலுக்கு அட்டை கொடுத்து, ஒயரைச் சுவர் ஓரமாக ஒட்டினார். அதே வரிசை, ஒன்றுகூடத் தப்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் தாங்கவில்லை. பிறகு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் டைப் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். ஊருக்குச் சேதி அனுப்புகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கூட்டத்தில் போர்டை யாரும் படிக்கவில்லை. சொந்தப் பெண்ணின் பெயரைப் போர்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அங்கே யாரும் இல்லையே. அவர் மனைவி உள் அறையில் இருந்தார். கடைசியில் இரண்டு பெண்கள் பிடித்து அழைத்து வந்தபோது அவர் மகளின் முகத்தைத்தான் பார்த்தார். கால்மாட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தச் சாவுக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது நின்றுபோனது. சண்டை என்று ஒன்றும் இல்லை. மனைவி சாப்பாடு போடுவார், அவர் சாப்பிடுவார். மளிகை, கேஸ் சிலிண்டர், கரன்ட் பில் என்று தேவையானது மட்டும் பேசுவார்கள். மகளின் பெயரை இருவரும் எடுப்பதில்லை. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அங்கன்வாடியில் டீச்சர். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளோடு பாட்டுப் பாடிவிட்டு, வீட்டுக்கு வந்து வாயைத் திறக்காமல் இருப்பார். “போன் பண்ணப்ப நான் வராததுக்கு உங்கக்கா என்னிய மன்னிக்க மாட்டாம்மா” என்று சூப்பர்வைசர் ஒருநாள் என்னிடம் சொன்னார். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டீர்களா என்றேன். கேட்க வேற செய்யணுமா என்றார்.

சில மாதங்கள் கழித்துக் கோபாலபுரம் வீட்டுத் தகராறு வந்தது. பழைய பங்களா, இறந்தவர் வக்கீலாக இருந்த பெரியவர். மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை வைத்திருப்பதற்காக இளையவர் பெட்டியைச் சொல்லியிருக்கிறார். மூத்தவர் விமான நிலையத்திலிருந்து நேராக வந்து அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தபோது, பெயரும் நேரமும் ஓடி, இருண்டு, பிறகு அந்த வரி ஓடியிருக்கிறது. ‘இருந்துட்டேன்’, ‘அப்பாவ மன்னிச்சுடு’ என்ற வார்த்தைகளை மட்டும் பிடித்துக்கொண்டு, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தான் வராததைக் குத்திக்காட்டத் தம்பிதான் இப்படி எழுதி வைத்திருக்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். “இதை எழுதினது யாருன்னு தெரிஞ்சாகணும். அப்பா போய் இன்னும் ஒரு நாள் ஆகலை, அதுக்குள்ள எங்காத்துல இந்தக் கூத்தா?” என்று போர்டைப் பிடித்து இழுத்திருக்கிறார். தம்பி தெய்வத்தின் மேல் சத்தியம் செய்திருக்கிறார். பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் கைகலக்கிற நிலைக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் நடுவில் புகுந்து, ஒயரைப் பிடுங்கி, போர்டு ரிப்பேர் என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அங்கிருந்து நேராக என்னிடம்தான் வந்தார். “ஏதோ பழசெல்லாம் ஓடுது, இன்னான்னு பாரு” என்று சொல்லி மேஜையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே டீ குடிக்கப் போய்விட்டார்.

எழுதியவர் யார் என்று தெரிந்த பிறகும், அது ஏன் ஓடுகிறது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். ரிப்பேர்க்காரிக்கு அழுவதற்கு முன்னால் கை வேலை செய்யும். யாராவது பக்கத்திலிருந்து தங்கள் போனில் அனுப்புகிறார்களா என்று பார்த்தேன், இல்லை. பெட்டியின் கம்ப்ரெஸர் ஓடத் தொடங்கும்போது கரன்ட் குதித்து போர்டு தடுமாறும், அது ஒரு பழைய வியாதி. ஆனால் இங்கே கம்ப்ரெஸரே இல்லை, வெறும் மேஜைதான். கடைசியில் போனில் ‘அ’ என்று ஒற்றை எழுத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ‘அ’ போனது. நீளமாக இருட்டு. பிறகு, காய்ச்சல் வுட்டுச்சேன்னு இருந்துட்டேன் கண்ணு. மறுபடி வேறு எழுத்தை அனுப்பினேன். அதே இருட்டு, அதே வரி. அப்போது புரிந்துவிட்டது. நேற்றைய பெரிய கோலத்தைக் கழுவாமல், அதன் மேலேயே சாணி கொஞ்சம் மெழுகி இன்றைக்குச் சின்னக் கோலம் போடுகிற மாதிரி அந்தப் பையன் புரோகிராம் எழுதியிருக்கிறான். புதுச் செய்தி வந்தால், ஒரு சாதாரணச் செய்தி எவ்வளவு நீளம் இருக்குமோ அவ்வளவு இடத்தை மட்டும் துடைக்கும். அதற்கு அப்பால் எதையும் தொடாது. பெயர், வயது, நேரம், இவ்வளவுதானே எழுதுவார்கள் என்று நினைத்திருக்கிறான். கரன்ட் போனாலும் மறக்காத சிப் அது. மகள் செத்த அன்று அப்பா உட்கார்ந்து அடித்தது மட்டும் அந்த எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறது. பிறகு வந்த ஒவ்வொரு சாவும் அவள் பெயரைத் துடைத்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டது. அவர் கேட்ட மன்னிப்பு மட்டும் பின்னால் அப்படியே நின்றுவிட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த வரி ‘மன்னிச்சுடு’ என்பதோடு முடியவில்லை. அதற்குப் பிறகு ‘உங்கம்மாகிட்ட நான்’ என்று வந்து, சட்டென்று அறுந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது. சிப்பில் இடம் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் அவர் அடித்ததை போர்டு வாங்கிக்கொள்ளவில்லை. போனில் இருக்கிறதா என்று பார்த்தால், அனுப்பிய செய்தியை அந்தப் புரோகிராம் போனிலும் வைத்துக்கொள்வதில்லை.

சூப்பர்வைசர் டீ குடித்துவிட்டு வந்தபோது நான் கத்தினேன். இத்தனை நாளாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தெரியாமல் இருக்க வழியே இல்லை. எந்த வீட்டிலும் ஒரு ரவுண்டு ஓடும்வரை நிற்கிற மனுஷன் அவர். “தெரியும்மா” என்றார். “மொத தபா ஒரு வூட்டுல நிக்கறப்போ வந்துச்சு. கண்ணே இருட்டிக்கினு வந்துச்சு. அப்பால எந்த வூட்டுக்குப் போனாலும் அந்தப் பெட்டியத்தான் எடுத்துக்கினு போனேன்.” இருட்டுக்குப் பிறகு யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்தாராம். சாவு வீட்டில் பெயரைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம், அது உண்மைதான். “அடுத்தவங்க வீட்டுப் பொணத்து மேல உங்க பாரத்தை ஓட்டுவீங்களா சார்? அந்த அண்ணன் தம்பி ஜென்மத்துக்கும் பேசிக்க மாட்டாங்களே” என்று கேட்டேன். ஒரே நிமிடத்தில் துடைத்துத் தருகிறேன் என்று நான் போனை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னைத் தொட்டது அது ஒரு தடவைதான். “உங்கக்கா படிக்கணும்மா. அவ படிக்கற வரைக்கும் இருக்கட்டும்” என்றார்.

அப்படியானால் இன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றேன். பயமாக இருக்கிறது என்றார். சர்வீஸ் சென்டரில் கஸ்டமர் சட்டையைப் பிடித்தபோது சிரித்துக்கொண்டே நின்ற ஆள், பெண்டாட்டிக்குப் பயந்து என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். படித்துவிட்டு அவள், ஆமாம், நீதான் கொன்றாய் என்று சொல்லிவிட்டால் தான் எங்கே போவது என்று கேட்டார். அறுந்துபோன இடத்தைக் காட்டி, அதற்குப் பிறகு என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். “அது அவகிட்ட நேர்ல சொல்லிக்கறேன்” என்றார். சரி என்று அந்தப் பெட்டிக்கு வேறு போர்டு மாட்டினேன். மற்ற எல்லாப் போர்டுகளிலும், புதுச் செய்தி வரும்போது பழையதைக் கடைசி வரைக்கும் துடைக்கும்படி புரோகிராமைத் திருத்தினேன். இந்த ஒன்றை மட்டும், சோதனையில் அழிந்துபோன பெரியவரின் பெயரைத் திரும்ப அடித்துவிட்டு, பின்னால் இருந்ததைத் துடைக்காமல் ஒர்க்‌ஷாப் அலமாரியில் வைத்தேன். கோபாலபுரத்துக்குப் போய் இரண்டு பேரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று நான் நாள்கணக்கில் பிடித்துத் தள்ளிய பிறகுதான் அவர் போனார். மூத்தவர் ஊருக்குத் திரும்பிவிட்டார் என்றும் இளையவர் கதவைத் திறக்கவில்லை என்றும் வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் மயிலாப்பூர்ப் பக்கம் வரும்போதெல்லாம் என் ரூமுக்கு வருவார். “போடும்மா” என்பார். போர்டுக்குக் கரன்ட் கொடுப்பேன். கைகட்டி நின்று ஒரு ரவுண்டு படிப்பார். முதலில் வருகிற கோபாலபுரத்துப் பெரியவரின் பெயரையும் விடாமல் படிப்பார். படித்து முடித்ததும், இன்றைக்கு எடுத்துப் போகிறேன் என்று சொல்லிப் பையை விரிப்பார். பிறகு, இன்றைக்கு அவளுக்கு ஒரே தலைவலி, அடுத்த தடவை பார்க்கலாம் என்று பையை மடித்துவிடுவார். நானும் விட்டேனா? “சார், நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லுவேன்” என்று மிரட்டியிருக்கிறேன், கெஞ்சியும் பார்த்திருக்கிறேன். “நீ சொன்னா அது நான் சொன்னதா ஆவாதும்மா. என் வாயாலதான் வரணும்” என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். வாய் இருந்தது, வீடு இருந்தது, எதிரே பெண்டாட்டியும் இருந்தார். அவர் சொல்லவில்லை.

அடையாறில் ஓர் அபார்ட்மென்ட் படிக்கட்டில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. பெட்டியைக் கீழே போடாமல் படியில் பதமாக இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பெட்டி கொண்டுவந்த வேனிலேயே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். பெட்டிக்காகக் காத்திருந்த அந்த வீட்டார், வேறு கடைக்குப் போன் செய்தார்களாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வீட்டிலும் சாவுதானே. ஆதம்பாக்கத்தில் அவருடைய பெட்டியிலேயே அவரை வைத்தோம். பெயரை நான்தான் அடித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்மாட்டில் நின்று ஒரு ரவுண்டு படித்தேன். பெயர், வயது, எடுக்கிற நேரம், உடனே மறுபடி பெயர். நான் திருத்திய புரோகிராம் ஒழுங்காக வேலை செய்தது. பின்னால் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பழைய போர்டைப் பையில் போட்டுக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. “சார் இதை நீங்க படிக்கணும்னு வெச்சிருந்தாரு அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு, டிவி ஸ்டாண்டில் வைத்து பிளக்கைச் சொருகினேன். கோபாலபுரத்துப் பெரியவரின் பெயர் ஓடியது. அக்கா, இது யாரு என்று கேட்டார். இருங்கக்கா, வரும் என்றேன். இருட்டு போய் வரி வந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி உதடு அசைய ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். ‘உங்கம்மாகிட்ட நான்’ என்பது வந்து அறுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மீதி?”

“அவ்வளவுதான் அக்கா. அதுல இடம் தீந்துடுச்சு. மீதிய உங்ககிட்ட நேர்ல சொல்லிக்கறேன்னாரு.”

“எங்கிட்ட எதுவும் சொல்லலியே.”

போர்டு மறுபடி முதலிலிருந்து ஓடியது. இரண்டாம் தடவை படிக்கும்போது அக்காவின் முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, போர்டைப் பார்த்தபடி சொன்னார்.

“அவ மொதல்ல எங்கிட்டதான் சொன்னா. லீவு போட்டுட்டு அன்னிக்கு நான் கூடவேதான் இருந்தேன். வயிறு வலிக்குதும்மான்னா. சாப்பிடாத கிடக்கறே, வலிக்காம இன்னா செய்யும், ரெண்டு வாய் தயிர் சோறு தின்னுட்டுப் படுன்னு நான்தான் சொன்னேன். அப்பாலதான் அவருக்குப் போன் போட்டா. நீ வூட்டுலதானே இருந்தே, இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு அவரு ஒரு வார்த்தை கேட்டுட்டா நான் செத்துடுவேன். அந்த பயத்துல அவரு மூஞ்சியக்கூட நிமிந்து பாக்கல.”

சார் கேட்கப்போகிறார் என்று அக்காவும், அக்கா பழி சொல்லப்போகிறார் என்று சாரும் ஒரே வீட்டில் அத்தனை நாள் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். சார் உங்களை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை என்று சொன்னேன். நான் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. “முன்னாடி வர்ற அந்த ஆள் பேரை எடுத்துட்டா அதுல இடம் கிடைக்குமா?” என்று கேட்டார். கிடைக்கும் அக்கா, பின்னால் இருக்கிறது அழியாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன், உங்களுக்கு என்ன வேண்டுமோ அடியுங்கள் என்று போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முதலில் மகளின் பெயரை அடித்தார். அதற்குக் கீழே ஒரு வார்த்தை அடித்தார், அழித்தார். மறுபடி ஏதோ அடித்து, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டே வந்தார். மகள் பெயர் மட்டும் மிஞ்சியபோது நிறுத்திவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார்.

“இது மட்டும் போதும். மீதிய யாரு படிக்கப்போறா?”